ஸ்மார்ட் சிட்டியும் செல்லூர் கண்மாயும்

2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை வந்தது. பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டினார்கள், கோயிலைச் சுற்றிக் கல் பதித்தார்கள், சரி, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது (மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் நடந்தால் தெரியும் சேதி).

ஆனால் 2024 அக்டோபரில் சில மணி நேரம் கொட்டிய மழைக்கே செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அதற்கு மழையை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு, கடைசியில் வைகைக்கு என்று நம்ம ஆட்கள் சங்கிலியாகக் கோத்து வைத்த ஏற்பாடு இது. நடுவில் வாய்க்காலைச் சாக்கடையாக்கி, ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்து, இரண்டு பக்கமும் சுவரை நெருக்கிக் கட்டிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? தெருவுக்குத்தான். உலகனேரி கண்மாய் இருந்த இடத்தில் இன்றைக்கு உயர் நீதிமன்றக் கிளையே நிற்கிறது, அப்புறம் யாரைக் கேட்பது!

கிரிக்கெட் திடலாகக் கிடந்த வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பனையூர் கால்வாயைச் சரிசெய்ததும் வைகைத் தண்ணீர் வந்ததா இல்லையா? எனக்கு அதுதான் உருப்படியான வேலை.

ஒத்தக்கடை, திருப்பாலைப் பக்கம் பிளாட் பார்க்கிறவர்கள் பத்திரத்தோடு புலப்படத்தையும் (அந்த நிலத்தின் சர்வே வரைபடம்) கேட்டு வாங்கி, வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். புரோக்கர் அதைச் சொல்ல மாட்டார்.