வண்டியில் போகும்போது சொன்னான்

அக்கா போனில் முதலில் புலம்பியது மகனின் படிப்பைப் பற்றித்தான். பத்தாம் வகுப்பு, ஆனால் புத்தகத்தைத் தொடுவதில்லை. பி.டி. பீரியடுக்குப் போவதில்லை. குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் கதவு திறப்பதில்லை. "நீ வந்து என்னன்னு கேளுடா. எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போனேன். வீட்டில் வைத்து ஒன்றும் கேட்கவில்லை. டவுனில் அல்வா வாங்கி வரலாம் என்று மருமகனை பைக்கில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் இருப்பவன் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எனக்கும் அவன் முகம் தெரியாது. காலை அகட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் ஏறி உட்கார்ந்ததை மட்டும் கவனித்திருந்தேன். "காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கும்போது தொடை இடுக்குல படர்தாமரை வந்து, ஆறு மாசம் யார்கிட்டயும் சொல்லாம சொறிஞ்சிட்டே கிடந்தேன்" என்று ரோட்டைப் பார்த்தபடி சொன்னேன். பொய்யில்லை, நடந்ததுதான். சுலோச்சன முதலியார் பாலம் தாண்டும்வரை சத்தமே இல்லை. அப்புறம், "மாமா... எனக்கும்" என்றான்.

நாலு மாதமாக இருக்கிறதாம். மெடிக்கலில் ஒரு காலி டியூபைக் காட்டி அதேபோல வாங்கியிருக்கிறான். போட்டால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும்; நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வரும். அப்படியே மூன்று டியூப் காலி.

மறுநாள் அரசு மருத்துவமனை. சீட்டு வாங்கும் வரிசையில் எனக்கே உதறல்தான். ஆனால் "தோல்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். அறை வாசலில்தான் வம்பு காத்திருந்தது. 'தோல் மற்றும் பால்வினை நோய் பிரிவு' என்று பலகை. அதை வாசித்தவன் ஒன்றும் பேசாமல் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான். படிக்கட்டில் போய்ப் பிடித்தேன். "கிளாஸ்ல எவனாவது பாத்தா என்ன நினைப்பான்?" கண் கலங்கியிருந்தது. பொடுகுக்கும் தேமலுக்கும் இதே வாசல்தான், தோல், பால்வினை, தொழுநோய் மூன்றையும் டாக்டர்கள் ஒரே படிப்பாகப் படிக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கெல்லாம் மசியவில்லை. வரிசையில் முகப்பருவோடு நின்ற இரண்டு பையன்களைக் காட்டிய பிறகுதான் வந்தான். அந்தப் பலகையை எழுதியவர் 15 வயதுப் பிள்ளையை நினைத்திருக்க மாட்டார்.

ஆண் டாக்டர் வேண்டும் என்று காதில் கிசுகிசுத்தான். நர்ஸிடம் கேட்டேன், அவர் சாதாரணமாகப் பக்கத்து அறையைக் காட்டினார். நான் திரைக்கு வெளியே நின்றுகொண்டேன்.

டாக்டர் முதலில் கேட்டது டியூபைத்தான். சட்டைப் பையிலிருந்து நசுங்கிப்போன அதை எடுத்துக் கொடுத்தான். பொடி எழுத்தில் குளோபெட்டசால் என்று இருந்தது. "இது ஸ்டீராய்டுப்பா. அரிப்பை அமுக்கிட்டு, உள்ள பூஞ்சையை நல்லா பரவ விட்டுரும்." படையின் ஓரத்தை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சைதான். சாப்பாட்டுக்குப் பிறகு போட இட்ராகோனசோல் மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாத கிரீம். படையைத் தாண்டியும் இரண்டு விரல் அகலம் பூச வேண்டும், அரிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. தனித் துண்டு, வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த உள்ளாடை, ஜீன்ஸ் கூடாது. தொடையில் விழுந்த வெள்ளை வரிகள் முழுசாக மறையாது என்றும் சொன்னார். அது எனக்கு வலித்தது.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா? இருந்தா அவங்களும் மருந்து எடுக்கணும், இல்லைன்னா திரும்ப வரும்."

"இல்ல சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

திரும்பும்போது, மறுபடி பைக்கில், முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாமா, அந்தக் காலி டியூப் அப்பாவோட ஷேவிங் டப்பால இருந்துதான் எடுத்தேன்."

அத்தானிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். அவர் யார் வண்டியிலும் பின்னால் உட்காருகிற ஆள் இல்லை.