கே23 விண்ணப்பத்தில் சறுக்குவது எங்கே

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில், வழிகாட்டியின் கீழ் ஆய்வுப் பயிற்சி பெற மருத்துவர்களுக்கு மானியங்கள் உண்டு: நோயாளிகளை நேரடியாக வைத்து ஆய்வு செய்பவருக்கு கே23; ஆய்வகம் சார்ந்த மருத்துவருக்குப் பெரும்பாலும் கே08. இரண்டும் 3 முதல் 5 ஆண்டு.

பணத்தைவிடப் பெரியது நேரம். பொதுவாக 75 சதவீத உழைப்பு, அதாவது ஆண்டில் 9 மாதம், ஆய்வுக்கும் பயிற்சிக்கும் போக வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. கணக்குப்படி நோயாளிகளைப் பார்க்க வாரத்தில் ஒன்றேகால் நாள்தான் மிச்சம். ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவு என்றாலும் ஸ்கேன் முடிவு, கீமோ ஆர்டர், நோயாளிகளின் போன் எல்லாம் அடுத்த நாளையும் தின்றுவிடும். ஆகவே துறைத்தலைவரின் கடிதத்தில் “ஆதரிப்போம்” என்பது போதாது. எந்த நாள் கிளினிக், வார்டு பொறுப்பு எத்தனை வாரம், அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

வழிகாட்டியின் கடிதமும் அப்படித்தான். வெறும் புகழ்ச்சி மதிப்பீட்டாளரிடம் எடுபடாது. வாரம் ஒரு மணி நேரச் சந்திப்பு, எந்தத் தரவு, பயிற்சி முடிந்ததும் எந்தக் கேள்வி உங்களுடையதாகும் என்பது தெளிவாக வேண்டும். இந்தக் கடைசி வரி விடுபட்டால், பிறகு ஆர்01 (சொந்தமாக ஆய்வு நடத்துவதற்கான மானியம்) கேட்கும்போது வழிகாட்டியோடே போட்டியிட நேரும்.

புள்ளியியலாளரை முதல் வரைவிலேயே சேருங்கள்.