யூடிஐடி கார்டை மட்டும் நம்பி ரயில் டிக்கெட் எடுக்கப் போகாதீர்கள்

அம்மாவின் யூடிஐடி கார்டோடு (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை) முன்பதிவு கவுன்ட்டரில் ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது, ரயில் சலுகைக்கு அது போதாது என்று. ரயில்வேக்குத் தனிப் படிவம் உண்டு. அரசு மருத்துவர் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது நடையும் வீண். ஆஸ்பத்திரியில் லெட்டர்பேடிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாதிப்பு 80 சதவீதம் என்று இருந்தது. 'துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்' என்ற வரி இல்லை. கை கால் பாதிப்புக்குச் சலுகை கிடைப்பதே அந்த வரியால்தான், சதவீதத்தால் அல்ல. படிவத்தில் அது அச்சாகியே இருக்கிறது. அதனால் நீங்களே பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் நீட்டுங்கள்.

மூன்றாவது முறை முத்திரையால் கெட்டது. ஊதா மை ஃபோட்டோவுக்கு ஒரு விரல் கீழே, வெறும் தாளில் விழுந்திருந்தது. கையெழுத்தும் முத்திரையும் பாதி ஃபோட்டோ மேல், பாதி தாள் மேல் விழ வேண்டும். டாக்டரின் முழுப்பெயரும் பதிவு எண்ணும் உள்ள முத்திரை தனி, ஆஸ்பத்திரி முத்திரை தனி. பொருந்தாததை அடிக்கச் சொல்லியிருக்கும் இடத்தில் அடிக்க வேண்டும். மற்றபடி அடித்தல் திருத்தல் கூடாது. டாக்டர் எதிரிலேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். சக்கர நாற்காலியில் ஒருவரை இன்னொரு முறை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பெரிய வேதனை என்று அந்த அலுவலகங்களுக்குத் தெரிவதே இல்லை.

சான்றிதழ் சரியானதும் ரயில்வேயின் அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தோம், வந்தது. அட்டை எண்ணைப் போட்டு ஐஆர்சிடிசியில் எடுக்கலாம்.

ஸ்லீப்பரிலும் சாதாரண மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் சலுகை, இரண்டாம் ஏசியில் 50. கூட வருபவருக்கும் அதே. ஆனால் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான். முன்பதிவு, சூப்பர்ஃபாஸ்ட் கட்டணங்கள் குறையாது. தட்காலில் சலுகையே கிடையாது, அதனால் தேதியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளி கோட்டாவில் ஸ்லீப்பருக்கு நான்கே படுக்கை: இரண்டு கீழ், இரண்டு நடு.

சாதாரண சக்கர நாற்காலி ஸ்லீப்பர் பெட்டியின் நடைவழியில் நுழையாது. கதவிலிருந்து படுக்கை வரை தூக்க இரண்டு பேர் வேண்டும். வண்டி சில நிமிடமே நிற்கும் ஊரில் ஏறுவதானால் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்பே கேட்டு, அங்கேயே காத்திருங்கள்.

அசல் அட்டையையும் சான்றிதழையும் படுக்கைக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வைக்காதீர்கள். டிடிஇ அசலைக் கேட்பார், ஜெராக்ஸ் செல்லாது.