மூன்று மாத்திரைக் கோடு: மோர்ஸ் பழகிய நான்கு மாதம்

புள்ளி, கோடு என்று குட்டையும் நெட்டையுமான ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் குறியை ஜூன் கடைசியில் பழகத் தொடங்கினேன், இப்போது அக்டோபர் பாதி. நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் வருவதை எழுதி எடுக்கிறேன். ஐந்து நிமிடத்தில் ஏழெட்டு எழுத்து தவறுகிறது. பொழுதுபோக்காக ரேடியோவில் பிறரோடு தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோ உரிமத்தில், கீழ்நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்குத்தான் இந்த 8 சொல் வேகம், வாங்கவும் அனுப்பவும். அதற்காக ஆரம்பித்தது. இனி தேர்வே கிடையாது என்று யாராவது சொன்னாலும் விடமாட்டேன்.

முதல் மூன்று வாரம் வீண். புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். ஒலி காதில் விழுந்ததும் மனம் புள்ளிகளை எண்ணும், அட்டவணையில் தேடும், எழுத்தைக் கண்டுபிடிக்கும். அதற்குள் அடுத்த மூன்று எழுத்து போய்விடும்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்பார். அவர் பழகியது சவுண்டர் என்ற பழைய தந்திக் கருவியில். அதில் பீப் ஒலி கிடையாது. 'கட்' 'கட்' என்று இரண்டு தட்டல், நடுவே எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் புள்ளியா கோடா என்று பிரிக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்தவர், "இதக் கிழிச்சுப் போடும்மா. கண்ணால படிச்சா காது தூங்கிடும்" என்றார். அன்றே கிழித்தேன்.

அப்புறம் கோக் முறைக்கு வந்தேன். லுட்விக் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1930களில் வகுத்தது. முதலில் கே, எம் இரண்டே எழுத்து. ஆனால் முழு வேகத்தில். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் 20 சொல் வேகத்தில் ஒலிக்க வைத்து, இடைவெளியை மட்டும் நீட்டிக் கேட்டேன். அந்த வேகத்தில் எண்ணவே முடியாது, அதனால் எழுத்து ஒரே ஒலியாக மனதில் பதிகிறது. தினமும் விடியற்காலை கால் மணி நேரம். எழுதும்போது பேனா ஓர் எழுத்தாவது பின்தங்கி வரணும் என்பது மாமா சொன்ன இன்னொரு பாடம். அது இன்னும் எனக்கு முழுசாகக் கைகூடவில்லை.

அனுப்புவதில் வேறு சிக்கல். 555 ஐசியில் பீப் ஒலி எழுப்பும் ஒரு சின்ன ஆசிலேட்டர், அதோடு தட்டி அனுப்ப ஒரு பித்தளைக் கீ. நான் தட்டியதைப் பதிவு செய்து கேட்டால் எனக்கே புரியவில்லை. கணினியில் அலையை விரித்து அளந்தபோதுதான் தெரிந்தது, என் கோடு புள்ளியைப் போல இரண்டு மடங்குதான் இருந்தது. 'டி', 'டா' என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டியதன் விளைவு! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஊறிய வாய், 'டா'வை இரண்டிலேயே நிறுத்திவிட்டது. மோர்ஸில் கோடு மூன்று மாத்திரை. அதாவது நெடில் போதாது, அளபெடை வேண்டும்: டாஅ. எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. 'டாஅ' என்று இழுத்துத் தட்டிப் பழகி இரண்டு வாரம் கழித்து மாமாவிடம் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் ஆளு பேசுற மாதிரி இருக்கு" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

செப்டம்பரில் இரண்டு தைல மரங்களுக்கு நடுவே பத்து மீட்டர் நீளத்துக்கு டைபோல் என்ற கம்பி ஆன்டெனா கட்டினேன். இடி இடிக்கும் மதியங்களில் முதல் வேலை ஆன்டெனா வயரைக் கழற்றுவது. 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுவதும் 18 பீக்கன் (அலை எங்கே எட்டுகிறது என்று பார்க்க உதவும்) நிலையங்கள் முறை வைத்து, ஆளுக்குப் பத்து விநாடி, தங்கள் அடையாளமான அழைப்புக்குறியை 22 சொல் வேகத்தில் அனுப்பும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதே நிலையம் திரும்ப வரும். கோட்டை விட்டதை மறுபடி பிடிக்கலாம், கற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? 450 கிலோமீட்டரில் இருக்கும் கொழும்பு நிலையம் எனக்குக் கேட்கவில்லை. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை நம்மைத் தாண்டிப் போய்த் தரை இறங்கும்; பக்கத்து ஊர் அந்த நிழலில் விழுந்துவிடுகிறது. ஒரு மாலை ஐந்து மணிக்கு, பனிமூட்டம் ஜன்னல் வரை வந்திருந்த நேரம், வி-ஆர்-2-பி என்று தானாகவே காதில் விழுந்தது. ஹாங்காங்! எண்ணவில்லை, தேடவில்லை. குறியைத் தொடர்ந்து நான்கு நீண்ட கோடுகள், 100 வாட், 10 வாட், 1 வாட், கடைசி 0.1 வாட் என்று குறைந்துகொண்டே வரும். மூன்றாவது கோடு இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாகக் கேட்டது. 1 வாட், சுமார் 4,000 கிலோமீட்டர். அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

இப்போது உதைப்பது எச் எழுத்தும் 5ஆம் எண்ணும். ஒன்று நான்கு புள்ளி, மற்றது ஐந்து. வேகத்தில் இரண்டும் ஒரே சிலிர்ப்பாகத்தான் கேட்கின்றன. இந்த வாரம் இரண்டையும் கலந்து போட்டு அதை மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார், எண்களாகவே தட்டுவேன் என்று சொல்லியிருக்கிறார்.