மொழி என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில் என் வேலை பெரும்பாலும் படிவம் நிரப்புவதுதான். பேசியவர் யார், எந்த ஊர், எந்த மொழி. பாப்புவா நியூ கினியின் மேற்கு மாகாணத்தில், மோர்ஹெட் பக்கத்துப் பதிவுகள் கைக்கு வந்தபோது அந்த மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

அங்கே ரூக்கு என்ற கிராமத்தில் கோம்ன்சோ பேசுகிறார்கள், சுமார் 250 பேர். சுற்றுவட்டாரத்தில் வாரா, அந்தா, வெரே என்று இன்னும் பல. சர்வதேச மொழிக் குறியீட்டுப் பட்டியல் இவற்றையெல்லாம் ஒரே மொழியின் வட்டார வழக்குகளாகக் கணக்கிட்டு மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றைக் கொடுத்திருக்கிறது, அதைத் தட்டினால் கணினிக்குப் போதும். ஊர்க்காரர்களுக்குப் போதாது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் அங்கே, மருமகள் பெரும்பாலும் வேறு பேச்சுள்ள ஊரிலிருந்து வருகிறாள், அதனால் பிள்ளைகள் அப்பாவின் மொழியைத் தம்முடையது என்று சொன்னாலும் அம்மா ஊர்ப் பேச்சும் காதில் விழுந்தே வளர்கிறார்கள்.

250 பேர் என்றதும் முதியவர்கள் மட்டுமே பேசும் மொழி என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளும் பேசுகிறார்கள், பேசுவோர் குறைவாக இருப்பதும் அந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ஆனால் சில குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டாலே இவ்வளவு சிறிய மொழி ஆட்டம் கண்டுவிடும், அதுதான் என் கவலை.

ஒரே குறியீட்டுக்குள் பல பேச்சுகள் அடங்குவதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பெருவள்ளிக்கிழங்கை எண்ணும்போது இரண்டு பேர் ஆளுக்கு மூன்றாக எடுத்து வைக்கிறார்கள், கணக்கு ஆறு ஆறாக ஏறுகிறது. 36, 216, 1296, 7776 என்று ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர். 216-க்குத் தருபா, 1296-க்குத் தம்னோ. இதே பெயர்கள் கொஞ்சம் மாறி, எல்லைக்கு அப்பால் இந்தோனேசியாவில் கானும் மொழி பேசுகிறவர்களிடமும் இருக்கின்றன! குறியீட்டுக்கு உள்ளே பல பெயர்கள், வெளியேயும் சொந்தக்காரர்கள். ஒற்றைக் கட்டத்தில் இது எப்படி அடங்கும்?

சரி, தேடுபவர்களுக்குக் குறியீடு வேண்டும், அதைப் போடுகிறேன். பக்கத்திலேயே, பேசியவர் தன் மொழிக்குச் சொன்ன பெயரையும் எழுதுகிறேன். பதிவு செய்யப் போகிறவர்களிடம் இப்போது ஒன்றைக் கட்டாயம் கேட்கிறேன்: அப்பா ஊரோடு அம்மா ஊரையும் விசாரித்து எழுதுங்கள், படிவத்தில் இடமில்லாவிட்டால் ஒலிநாடாவிலேயே சொல்லிவிடுங்கள், கேட்டு எடுத்துக்கொள்கிறேன்.