எண்ணாக வந்து சேரும் குறைகள்

இணையத்தில் பலர் கூடி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டு ஒன்றின் கிளாஸ் (கேரக்டரின் தொழில் வகை) வடிவமைப்புக் குழுவில், ஆட்டக்காரர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து வடிவமைப்பாளர்களிடம் எடுத்துச் செல்வது என் பொறுப்பாக இருந்தது. ஒவ்வொரு பேட்ச் (விளையாட்டில் மாற்றங்கள் செய்யும் புதுப்பிப்பு) வெளியான பின்பும், அடியைத் தாங்கும் டேங்க், குணப்படுத்தும் ஹீலர், தாக்குதல் கிளாஸ்கள் என எல்லாத் தரப்பிலிருந்தும் கருத்துகள் குவியும். அவற்றில் பெரும்பாலானவை ஓர் எண்ணைக் கேட்கும். இந்த ஸ்கில்லின் டேமேஜை 10 சதவீதம் கூட்டுங்கள், ஸ்கில்லை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் அந்தக் கூல்டவுனை 30 நொடியிலிருந்து 20 நொடியாக்குங்கள், எங்களை வீழ்த்தும் கிளாஸின் கேடயத்தைப் பாதியாக்குங்கள் என்ற வடிவில்தான் அவை வரும். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள், எண்ணைப் போர்ப் பதிவுகளோடு ஒப்பிட்டு, கோரிக்கை நியாயமா இல்லையா என்று உடனே தீர்ப்பெழுதத் தொடங்கிவிடுவார்கள். அந்த வேலையில் இருக்க இருக்க எனக்கு உறுதிப்பட்டது வேறு. ஆட்டக்காரருக்கு ஏதோ ஒன்று நேர்ந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு விளையாட்டு அவருக்குக் கொடுத்திருக்கும் பொது அளவுகோல் எண் ஒன்றே. ஆகவே எந்த மனக்குறையும் எண்ணாக உருமாறித்தான் எங்கள் மேசைக்கு வந்து சேர்கிறது. எண்ணை ஏற்பதா மறுப்பதா என்று பேசுவதற்கு முன்னால், அது எந்தக் குறையிலிருந்து பிறந்தது என்று கேட்டாக வேண்டும்.

கிளாஸ் என்ற ஏற்பாட்டின் இயல்பே இந்தக் குறைகளுக்கு இவ்வளவு கனத்தைத் தருகிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் போர்வீரர், மந்திரவாதி, பூசகர் என மூன்றே கிளாஸ்கள் இருந்தன. ஒருவரால் முடியாததை இன்னொருவர் செய்ய வேண்டும் என்ற அந்த ஏற்பாடுதான், 1999-இல் எவர்க்வெஸ்ட், 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று இணைய விளையாட்டுகளுக்குள் வந்து, அடியைத் தாங்குபவர், குணப்படுத்துபவர், தாக்குபவர் என்ற மூவர் அமைப்பாக நிலைபெற்றது. அதாவது, ஒரு கிளாஸைத் தேர்ந்தெடுப்பவர், மற்றவர்களுக்கு நான் இன்ன வகையில் தேவைப்படுவேன் என்ற உறுதியைச் சேர்த்தே பெற்றுக்கொள்கிறார். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் அதே கேரக்டர் வேறொரு வேலைக்கு மாறிவிடலாம். எங்களுடையதைப் போன்ற பல விளையாட்டுகளில் அந்த வசதி இல்லை. கிளாஸை மாற்ற வேண்டுமென்றால் புதிய கேரக்டரை முதல் லெவலிலிருந்து வளர்க்க வேண்டும். எளிதில் வெளியேற முடியாத இடத்திலிருந்து எழுதப்படும் கருத்தில் சூடு கூடுதலாக இருப்பது இயற்கை. அந்தச் சூட்டை மட்டும் காரணமாகக் காட்டி ஒரு கருத்தை ஒதுக்குவதை நான் கடைசிவரை எதிர்த்தேன்.

எங்கள் விளையாட்டில் பார்ட் (பாணர்) என்ற கிளாஸ் இருந்தது. பாட்டாலும் இசையாலும் பார்ட்டியில் (ஒன்றாக ஆடும் குழுவில்) உள்ள மற்றவர்களின் தாக்குதல் வேகத்தையும் கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) வாய்ப்பையும் உயர்த்துவது அதன் வேலை. தன் கையால் அது செய்யும் டேமேஜ் குறைவு. பார்ட் ஆடுபவர்களிடமிருந்து பேட்ச் தவறாமல் ஒரே கோரிக்கை வந்துகொண்டிருந்தது: எங்கள் சொந்த டேமேஜைக் கூட்டுங்கள். போர்ப் பதிவுகளைப் பார்த்தாலோ, பார்ட் இருந்த பார்ட்டிகள் அதே பாஸை (பெரிய எதிரியை) மற்றவர்களைவிட விரைவாக வீழ்த்தியிருந்தன. கிளாஸ் பலமாகத்தான் இருக்கிறது, கோரிக்கைக்கு அடிப்படை இல்லை என்பது குழுவில் பலருடைய முடிவு. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கருத்துகளை வரிசையாகப் படித்தபோது, எண்ணுக்கு முன்னும் பின்னும் இருந்த வாக்கியங்களில் வேறொரு செய்தி திரும்பத் திரும்பத் தென்பட்டது. சண்டை முடிந்ததும் திரையில் வரும் டேமேஜ் பட்டியலில் தங்கள் பெயர் எப்போதும் அடியில் இருப்பதை அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பார்ட்டித் தலைவர் அடுத்த ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஆடும் பெரிய சண்டைக்கு) வேறொருவரை அழைத்துக்கொண்டதை எழுதியிருந்தார்கள். பாட்டை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்த வரியை வடிவமைப்புக் கூட்டத்தில் நான் அப்படியே படித்துக் காட்டினேன்.

கேட்ட 10 சதவீதத்தைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பட்டியலில் பார்ட்டின் இடம் அப்போதும் அடியில்தான் இருந்திருக்கும். ஏற்கெனவே பலமான கிளாஸ் இன்னும் பலமாகி, உயர்நிலை ரெய்டுகளில் பார்ட் இல்லாமல் போகவே முடியாது என்ற நிலை வந்திருக்கும். அடுத்த பேட்சில் நாங்களே அதைக் குறைத்திருப்போம். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கினார்கள் என்ற புதிய குறை பிறந்திருக்கும். ஆகவே ஸ்கில்களின் எண்களைத் தொடாமல், பார்ட்டின் பாட்டால் மற்றவர்களுக்குக் கூடிய டேமேஜைத் தனியே கணக்கிட்டு, பட்டியலில் பார்ட்டின் பெயருக்கு நேரே காட்டும்படி மாற்றினோம். பாட்டு ஒலிக்கும்போது அதைப் பெறுபவரின் திரையிலும் அடையாளம் தெரியும்படி செய்தோம். டேமேஜ் கேட்டு வந்த கருத்துகள் அதன் பிறகு வெகுவாகத் தணிந்தன. புதிய சிக்கலும் வந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது: ஒரே ரெய்டில் இரண்டு பார்ட்கள் இருந்தால், யாருடைய பாட்டு கணக்கில் ஏறுகிறது என்ற போட்டி தொடங்கிவிட்டது. ஆனாலும் அது தேவைப்படுபவர்களுக்கிடையே எழும் போட்டி. முன்பிருந்த குறையோடு அதை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

2023 ஜூலையில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், எவோக்கர் கிளாஸுக்கு ஆக்மென்டேஷன் என்ற பிரிவைச் சேர்த்தபோது, மற்றவர்களின் பலத்தைக் கூட்டுவதையே முதன்மை வேலையாகக் கொண்ட அந்தப் பிரிவைச் சுற்றியும் இதே கேள்வி எழுந்தது. பிறர் பெயரில் ஏறிய டேமேஜில் எவ்வளவு இவருடையது என்று பிரித்தறிவது, ஆடுபவர்களுக்கும் வடிவமைப்பவர்களுக்கும் கடினமாகவே இருந்தது. மிகப் பெரிய விளையாட்டிலும் துணைக் கிளாஸின் பலத்தைச் சமன் செய்வதும் அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதும் இரு வேறு வேலைகளாகவே நிற்கின்றன.

மிருகங்களை வரவழைத்துச் சண்டையிடும் சம்மனர் கிளாஸ் பற்றிய கருத்துகள் இன்னொரு வகை. சம்மனர் பலவீனம் என்று எழுதாத ஆள் இல்லை. திறந்த வெளிச் சண்டைகளில் சம்மனரின் டேமேஜ் மற்றவர்களுக்கு ஈடாகவே இருந்தது. குறுகிய வழிகள் கொண்ட நிலவறைகளான டன்ஜன்களில்தான் நிலைமை மாறியது: வரவழைக்கப்பட்ட மிருகம் வாசற்படியில் சிக்கிக்கொள்ளும், அல்லது நேர்வழியை விட்டுச் சுற்றிச் சென்று, யாரும் தொடாத எதிரிக் கூட்டத்தை எழுப்பி இழுத்துக்கொண்டு வரும். பார்ட்டி மொத்தமும் மடியும். பழி சம்மனர் மேல் விழும். தன் கையில் இல்லாத ஒன்றுக்காக நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவர், டன்ஜனுக்குள் மிருகம் வழி தவறுகிறது என்று எழுதுவதில்லை. என் கிளாஸ் பலவீனமானது என்றுதான் எழுதுகிறார். இதைத் தீர்க்க வேண்டியவர்கள் கிளாஸ் வடிவமைப்பாளர்களே அல்ல. மிருகங்கள் வழி கண்டுபிடிக்கும் முறையை எழுதிய நிரலாளர்கள்.

எழுதுபவர்களைப் பற்றி இவ்வளவு சொல்லும்போது, எழுதாதவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கிளாஸை வெறுத்துக் கைவிடுபவர்களில் மிகச் சிலரே காரணம் எழுதுகிறார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் வேறு கேரக்டரைத் தொடங்குகிறார்கள், அல்லது விளையாட்டை விட்டே போகிறார்கள். கருத்துகளை எழுதுபவர்களோ பெரும்பாலும் உயர்ந்த லெவலில், ரெய்டு ஆடி, தங்கள் கிளாஸின் ஒவ்வொரு பொத்தானையும் அறிந்தவர்கள். தொடக்க லெவல்களில் ஹீலர் தனியாக ஒரு எதிரியைக் கொல்ல எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள். எனவே எந்தக் கிளாஸ் எந்த லெவலில் கைவிடப்படுகிறது என்ற பதிவை வந்த கருத்துகளின் பக்கத்திலேயே வைத்துப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். உரத்த குரல் எழும் இடமும் ஆட்கள் குறையும் இடமும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

பலத்தைக் குறைக்கும் மாற்றங்களைப் பற்றி வரும் கருத்துகள் தனி ரகம். ஒரே அளவுள்ள லாபத்தைவிட இழப்பு மனிதருக்குக் கூடுதலாக உறைக்கும் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எடுத்துரைத்தார்கள். ஒரு நெர்ஃப், அதாவது பலக்குறைப்பு, வெளியாகும் நாளில் அது நெஞ்சில் பட விளங்கும். அதனால், ஒன்றைக் குறைப்பதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் கூட்டிவிடலாமே என்ற யோசனை எங்கள் குழுவில் அடிக்கடி எழும். கூட்டினால் எதிரிகளின் உயிரளவையும் கூட்ட வேண்டும், பழைய பகுதிகள் அனைத்தும் சப்பென்று ஆகிவிடும். குறைக்க வேண்டியதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணைக் குறைப்பதும் வேலையையே பறிப்பதும் ஒன்றல்ல. 2005 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் விளையாட்டில், முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒரே மாற்றத்தில் 9 ஆகச் சுருக்கப்பட்டன. நீண்ட முயற்சியால் மட்டும் எட்ட முடிந்த ஜெடை (ஸ்டார் வார்ஸ் கதையின் மாவீரர்) நிலை, தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கக் கூடியதாக ஆக்கப்பட்டது. அந்த விளையாட்டு 2011 டிசம்பர் வரை நடந்தது என்றாலும், அந்த ஒரு மாற்றத்தின்போது எழுந்த கோபமும் வெளியேற்றமும் இத்துறையில் இன்றும் பேசப்படுகின்றன. அங்கே மக்கள் இழந்தது டேமேஜை அல்ல. ஒரு தொழிலைச் செய்பவராக அவர்கள் கட்டிவைத்திருந்த இடம் இல்லாமல் போயிற்று. நெர்ஃப் பற்றிய கருத்துகளை நான் இரண்டாகப் பிரிக்கப் பழகியது இதனால்தான்: என் பலம் குறைந்தது என்பவை ஒரு பக்கம், நான் விரும்பிச் செய்துகொண்டிருந்ததை இனிச் செய்ய முடியாது என்பவை மறு பக்கம். முதல் வகைக்கு விளக்கம் போதும். இரண்டாம் வகை வந்தால் மாற்றத்தையே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, வாக்கெடுப்பு நடத்திவிடலாமே என்று நிர்வாகத் தரப்பில் சிலர் கேட்டதுண்டு. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டு அந்த வழியில் நடப்பது. புதிய உள்ளடக்கம் ஆட்டக்காரர் வாக்குக்கு விடப்படுகிறது. 75 சதவீதமாக இருந்த தேர்ச்சி அளவு 2022-இல் 70 ஆக்கப்பட்டது. நான் அந்த முறையை மதிக்கிறேன். ஆனால் அந்த விளையாட்டில் நிலையான கிளாஸ்கள் இல்லை. எல்லா ஸ்கில்லும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கிளாஸ் உள்ள விளையாட்டில் ஒரு கிளாஸின் பலத்தை வாக்குக்கு விட்டால், அதை ஆடாதவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை. ஆட்கள் குறைந்த கிளாஸ் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் தோற்கும்.

அதைவிடப் பயன் தந்தது, காரணத்தை எழுதுவது. 2008 முதல் 2013 வரை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் சிஸ்டம்ஸ் வடிவமைப்பை வழிநடத்திய கிரெக் ஸ்ட்ரீட், கோஸ்ட்கிராலர் என்ற பெயரில் ஆட்டக்காரர்களுக்கு நீண்ட விளக்கங்கள் எழுதிவந்தார். குணப்படுத்தவும் தாங்கவும் முடிந்த கலப்புக் கிளாஸ்கள், தாக்க மட்டுமே தெரிந்த கிளாஸ்களைவிடச் சற்றுக் குறைவாகத் தாக்க வேண்டும் என்ற கொள்கையை அப்படித்தான் வெளிப்படையாக வாதிட முடிந்தது. கொள்கை வெளியே தெரிந்தபோது, ஆட்டக்காரர்களும் எண்ணை விட்டுக் கொள்கையோடு வாதிட்டார்கள்: ரெய்டில் நான் தாக்கும் வேலைக்கு வந்திருக்கும்போது, செய்யாத வேலைக்காக என்னிடம் ஏன் பிடித்தம் செய்கிறீர்கள் என்பது பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி. எங்கள் பேட்ச் குறிப்புகளிலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே அதன் நோக்கத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதத் தொடங்கினோம். வந்த கருத்துகளின் எண்ணிக்கை குறையவில்லை, தரம் உயர்ந்தது. நோக்கம் சரி, ஆனால் இந்த மாற்றத்தால் அது நிறைவேறாது என்று எழுதுபவர்கள் எங்களுக்குக் கிடைத்தார்கள். அவர்களைப் போல ஒரு கிளாஸை அறிந்தவர்கள் அலுவலகத்துக்குள் இல்லை.

நான் அங்கே கடைசியாகப் பங்கெடுத்த விவாதம், பொறி வைக்கும் கிளாஸைப் பற்றியது. எதிரி நடமாடும் தடங்களைப் பார்த்து முன்கூட்டியே பொறிகளை அமைத்து, சண்டையைத் தான் விரும்பிய இடத்தில் நடத்துவது அதன் ஆட்டம். அதை ஆடியவர்கள் எல்லாக் கிளாஸ்களிலும் மிகக் குறைவு. விளையாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், ஆராய்பவர், கூடிப் பழகுபவர், தாக்கி மகிழ்பவர் என்று வகுத்ததில், இவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆராயும் வகையினர். அவர்கள் அனுப்பிய கருத்துகளில் எண் கேட்டவை அரிது. இந்தப் படிக்கட்டில் பொறி ஏன் ஒட்டவில்லை, மழையில் தடம் ஏன் அழியவில்லை என்று கேட்பவையே நிறைய. ஆட்கள் குறைவாக இருப்பதால் அதை வழக்கமான வில்லாளியாக மாற்றி எழுதலாம் என்பது முன்வைக்கப்பட்ட யோசனை. வில்லாளி வேண்டுபவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு கிளாஸ்கள் இருந்தன. ஆள் குறைவு என்ற எண்ணை வைத்து ஒரு கிளாஸைக் குறையுள்ளது என்று முடிவு செய்யக் கூடாது என்றும், அதை ஆடுபவர்கள் யாரும் விட்டுப் போகவில்லை என்ற பதிவே இங்கே பெரிய சான்று என்றும் நான் வாதிட்டேன். அந்தக் கிளாஸை அப்படியே விட்டுவிட்டு, படிக்கட்டில் பொறி ஒட்டும்படி மட்டும் திருத்துவது என்று முடிவாயிற்று.