ரெண்டு சிம், ஒரு பட்டன் போன்

எனக்குக் கணக்கெழுதுவதுதான் பிழைப்பு. தொண்டியில் ஒரு வலைக் கடை, மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி, கீழக்கரையில் ஒரு ஹார்டுவேர்ஸ், சாயல்குடியில் கரிமூட்டம் போட்டு விற்கிறவர் ஒருவர் என்று என் ஆட்கள் எல்லோரும் கடலோரமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். வீடு ராமநாதபுரத்தில். ஆபீஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் அதுதான் ஆபீஸ். பில்லை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் பாதி மங்கலாக வரும், மீதி கருவாட்டு எண்ணெய்க் கறையோடு வரும். அதனால் நேரில் போய்த்தான் வாங்கியாக வேண்டும்.

ஜிஎஸ்டிக்கு மாதத்தில் இரண்டு தேதிகள் முக்கியம். விற்பனைக் கணக்குக்கு 11, வரி கட்டும் ரிட்டர்னான 3பி-க்கு 20. தவறினால் 3பி-க்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தண்டம், விற்பனையே இல்லாதவருக்கு 20 ரூபாய். "சிக்னல் இல்லை சார்" என்று ஜிஎஸ்டி போர்ட்டலிடம் சொல்ல முடியாது.

இத்தனை வருடம் அலைந்ததில் நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான். நாள் முழுக்க நெட் வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. வேலை எல்லாம் நெட் இல்லாமல்தான். பில்லை ஏற்றுவது, சரிபார்ப்பது, கூட்டுவது எல்லாம் லேப்டாப்பிலேயே முடிந்துவிடும். கடைசியில் போர்ட்டலில் ஏற்றுகிற ஜேசான் ஃபைல், ஒரு சின்னக் கடையின் மாதக் கணக்கு முழுவதும் அடங்கியும், ஒரு போட்டோ அளவுகூட இருக்காது. அதற்குத் தேவைப்படும் சில நிமிடங்களை எங்கே, எப்போது வாங்குவது என்பதுதான் என் கவலை.

அதற்குத்தான் இரண்டு சிம், இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒரே கம்பெனி தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஒரே மாதிரி எடுக்கும் என்று யாராவது சொன்னால், அவர் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனதில்லை என்று அர்த்தம். ஏர்வாடி தாண்டி பனங்காட்டுக்குள் போனால் ஒன்று படுத்துவிடும், மற்றது தட்டுத்தடுமாறி நிற்கும். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல் நன்றாக எடுக்கிறதே என்று ஃபைல் ஏற்ற ஆரம்பிக்காதீர்கள். ஓடுகிற பஸ்ஸில் டவர் மாறிக்கொண்டே இருக்கும், பாதியில் அறுந்துவிடும். இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்வது உத்தமம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று ராமேஸ்வரத்தில் இருந்தால் அந்தப் பெஞ்சும் உதவாது. போனில் சிக்னல் கோடு முழுசாக இருக்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. டவர் பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஆனால் அத்தனை ஆயிரம் பேருக்கும் அதே டவர்தான். அன்றைக்கு நான் தங்கச்சிமடத்துக்கோ பாம்பனுக்கோ பஸ் ஏறிவிடுவேன்.

டேட்டா செலவைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். பெரிய பேக் போடுவதைவிட, தெரியாமல் ஒழுகுவதை அடைப்பதுதான் லாபம். போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுக்கும்போது விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாம் ஒரு ஃபைல் ஏற்றுவதற்குள் அது பாட்டுக்கு அப்டேட்டை இறக்க ஆரம்பித்துவிடும். வாட்ஸப்பில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். போட்டோ பேக்கப் வீட்டு வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். முடிந்தால் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் யுஎஸ்பி கேபிள் போட்டு இணையுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் உங்கள் ஹாட்ஸ்பாட் பேரே படாது, லேப்டாப்பிலிருந்து போனுக்குச் சார்ஜும் ஏறும். சார்ஜ் என்றதும் இன்னொன்று: பொது இடத்தில் தொங்குகிற யுஎஸ்பி வயரில் போனைச் செருகாதீர்கள், அதன் வழியாகத் தகவல் திருட வாய்ப்பு உண்டு என்று ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. சொந்தச் சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள்.

சரி, தனுஷ்கோடி தாண்டித் தரை முடிகிற அரிச்சல்முனைக்கு வருவோம். 2017-ல் தார் ரோடு போட்டதிலிருந்து யார் விருந்தாளி வந்தாலும் அங்கே கூட்டிப்போகாமல் அனுப்புவதில்லை. கீழக்கரை ஹார்டுவேர்ஸ் காக்காவும் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போனார். அடிக்கடி துபாய் போய் வருகிறவர் என்பதால் அவருடைய போஸ்ட்பெய்டு நம்பரில் வெளிநாட்டு ரோமிங் எப்போதும் திறந்தே இருக்கும். பேரன் காருக்குள் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்திருக்கிறான். பில் வந்த அன்று எனக்கு போன்.

"தங்கச்சி, நான் எங்கேம்மா இலங்கைக்குப் போனேன்?"

"போகலை காக்கா. உங்க போன் போயிருக்கு."

இலங்கையின் தலைமன்னார் அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். பழைய 2ஜி முறையிலேயே ஒரு டவர் 35 கிலோமீட்டர் வரை எட்டலாம். நடுவில் கட்டடமோ மரமோ இல்லாத வெறும் கடல் என்றால் அலை தடையில்லாமல் வந்து சேர்ந்துவிடும். நம் டவர் கொஞ்சம் மங்கியதும் போன் அந்தப் பக்கம் தாவப் பார்க்கும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, பில்லில் விழும். காக்கா அப்புறம் கம்பெனியோடு மல்லுக்கு நின்றது தனிக்கதை.

தனுஷ்கோடி ஊர் எல்லையிலேயே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அப்படியே மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் தானாகத் தேர்ந்தெடுப்பதை எடுத்துவிட்டு, நம் கம்பெனி பேரைக் கையால் தொட்டு வையுங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். சாதாரண ப்ரீபெய்டு என்றால் நீங்களாகக் கேட்காமல் வெளிநாட்டு ரோமிங் பெரும்பாலும் திறந்திருக்காது, காசு போகாது. ஆனால் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்துவிடும். நான் அங்கே போனால் ஏரோபிளேன் மோடுதான். பொரித்த மீன் வாங்க கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். க்யூஆர் அட்டை மாட்டியிருப்பார்கள், அதை ஸ்கேன் செய்ய நெட் இருக்க வேண்டுமே.

எனக்கு நெட்டைவிடப் பெரிய தலைவலி ஓடிபி. ரிட்டர்னை அனுப்பினால் ஓடிபி முதலாளி போனுக்குத்தான் போகும். மண்டபத்து அண்ணனுக்கு ஐஸ் கம்பெனியோடு விசைப்படகும் உண்டு. திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போகும் நாள். அண்ணன் கடலில், போன் வீட்டில் மதினி கையில்.

மதினியிடம் "ஒரு நம்பர் வந்திருக்கா மதினி" என்று கேட்டால் போதும், கேட்டது யார் என்றே பார்க்காமல் படித்துவிடுவார். அது எனக்கு வசதி. அதே வசதி திருடனுக்கும்தானே? அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். நான் எப்போதும் என் பட்டன் போனிலிருந்துதான் கூப்பிடுவேன். போன மாதக் கடைசி ஐஸ் பில் எவ்வளவு என்று முதலில் நான் சொல்ல வேண்டும். அது மதினி நோட்டில் இருக்கும். அப்புறம் மெசேஜை எண்ணிலிருந்து ஆரம்பிக்காமல் முதல் வார்த்தையிலிருந்து படிக்க வேண்டும். அதில் பேங்க் பேரோ ரூபாய் கணக்கோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி போனை வைத்துவிட வேண்டும், கேட்பது நானே ஆனாலும். ஒரு தடவை வேண்டுமென்றே பில் தொகையைச் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "கணக்கைச் சொல்லுத்தா முதல்ல" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி.

தடைக்காலத்தில் இந்தத் தொல்லையும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கட்டிக் கிடக்கும், மே மாதம் ஐஸ் ஓடாது. விற்பனையும் இல்லை, வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை வரவு எடுக்கவும் எதுவும் இல்லை என்றால் 3பி-யை எஸ்எம்எஸ்ஸிலேயே முடித்துவிடலாம். 'நில் 3பி' என்று போட்டு ஜிஎஸ்டி எண், மாதம், வருடம் அடித்து, பதிவு செய்த நம்பரிலிருந்து 14409-க்கு அனுப்ப வேண்டும். திரும்பி வரும் ஆறு இலக்க எண்ணை வைத்து உறுதி செய்தால் வேலை முடிந்தது. நெட்டே வேண்டாம். 2020-ல் வந்த வசதி, இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியாது.

ஊரார் வைஃபை பற்றிச் சுருக்கமாக. ரயில்வே ஸ்டேஷனில் கிடைக்கும் ரெயில்வயர் வைஃபையில் தினம் முதல் அரை மணி நேரம் இலவசம், ஓடிபி போட்டு உள்ளே போகலாம். செய்தி படிக்க, டிக்கெட் நிலவரம் பார்க்கத் தாராளம். இப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டுப் போட்டுத்தான் பேசுகின்றன, நடுவில் ஒட்டுக்கேட்பது அத்தனை சுலபமில்லை. ஆனால் அதே பேரில் வேறு எவனாவது ஒரு வைஃபை விரித்து வைத்து, உள்ளே நுழைய இமெயில் பாஸ்வேர்டு கேட்டால் நாமே கொடுத்துவிடுவோம். ஆப் இறக்கச் சொல்கிற வைஃபை எதுவுமே வேண்டாம். பேங்க் வேலைக்கு எப்போதும் சொந்த டேட்டாதான்.

ஜெராக்ஸ் கடை இன்னும் மோசம். கடைக்காரர் மேல் தப்பில்லை. அவருடைய கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் யார் யாருடைய ஆதாரோ வரிசையாகக் கிடக்கும். லாட்ஜில் ஆதார் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி, பிரிண்ட் எடுத்துப் பையில் வையுங்கள்.

ராமேஸ்வரம் வருகிறவர்கள் போனைப் பிரிந்துதான் ஆக வேண்டும். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதிலிருந்து கோயில்களுக்குள் செல்போன் கூடாது. அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடி முடிப்பதற்குள் போன் எங்கேயோ, நாம் எங்கேயோ. ஸ்கிரீன் லாக் போட்டிருக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான். சிம்முக்கே ஒரு பின் நம்பர் போடலாம். புது போனில் போட்டால் அதைக் கேட்கும். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு கம்பெனியிடம் பியுகே எண் வாங்கித்தான் திறக்க முடியும். அதனால் போடுவதற்கு முன் சிம்மில் ஏற்கனவே இருக்கும் பின் எது என்று கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். பூட்டிய திரையில் மெசேஜ் தெரிகிற வசதியையும் அணைத்துவிடுங்கள்.

*#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) ஒரு தாளில் எழுதி, போனோடு வைக்காமல் வேறு பையில் வையுங்கள். தொலைந்தால் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930. அதைக் கூப்பிடக் கையில் இன்னொரு போன் வேண்டும் என்பதற்காகவும்தான் அந்தப் பட்டன் போனை விடாமல் வைத்திருக்கிறேன்.